தரையில் சொட்டாத எண்ணெய்

மார்ச் 3

தம்பிக்கு,

சுகம் விசாரிக்க எழுதவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இனி உன்னோடு ஒரு வார்த்தை பேச மாட்டேன் என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் பத்தொன்பது பேர் முன்னால் சொன்னேன். சொன்னது சொன்னதுதான். எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். நாலாம் வகுப்போடு நின்றவளின் எழுத்து இப்படித்தான் இருக்கும். புரியாவிட்டால் வெளிச்சத்தில் பிடித்துப் படி.

அந்த மோட்டார் சைக்கிள் இன்னும் என் வீட்டு வாசலில்தான் நிற்கிறது. நீ கடைசியாகக் கை வைத்த வண்டி, என் மகனுடைய முழங்காலைத் தின்ற வண்டி. மூன்று வருஷத்துக்கு மேல் படுதா போட்டு மூடிக் கிடந்தது. விற்கலாம் என்றால் ஆளை அடித்த வண்டி என்று ஒருவனும் விலை கேட்கவில்லை. போன டிசம்பரில் மருமகளுக்கு ஒரு வேலை வந்தது. சின்னச் சின்ன கிளினிக்குகளில் எடுக்கிற ரத்தத்தைப் பெட்டியில் வைத்து, கெட்டுப்போவதற்குள் பெரிய லேபில் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலை. வண்டி இருந்தால்தான் எடுப்பார்கள். என் மகன் பஸ் டிப்போ கவுண்டரில் உட்கார்ந்து டிக்கெட் கிழிக்கிற சம்பளத்தில் பேத்தியோடு சேர்த்து நாலு வயிறு நிறையாது என்பது உனக்கும் தெரியும். முனைக்கடை மெக்கானிக்கை வரவழைத்துச் சரிபண்ணினோம். கிளட்சுக்குப் புது ரப்பர் சீல் போட்டு, எண்ணெய் ஊற்றிக் கொடுத்தான்.

ஜனவரி முழுக்க நன்றாக ஓடியது. பிப்ரவரி 27, வெள்ளிக்கிழமை, சந்திப்பில் சிவப்பு விளக்கு. மருமகள் கிளட்ச் லீவரைப் பிடித்தபடி நிற்கிறாள். வண்டி நிற்கவில்லை. அவளை இழுத்துக்கொண்டு ஒரு முழம் முன்னால் போயிருக்கிறது. முன்னால் தண்ணீர் லாரி. பிரேக்கை அழுத்தி, என்ஜின் திணறி அணைந்து, பிழைத்தாள். வீட்டுக்கு வந்தவள் பெட்டியை இறக்காமல் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "ஒண்ணும் இல்ல அத்தே, பசி"ன்னு சொன்னாள். பசித்தவள் சோற்றைத் தேடாமல் வாசற்படியிலா உட்காருவாள்?

அதே இழுவை. நாலு வருஷத்துக்கு முன்னால் என் மகனை இழுத்துக்கொண்டு போன அதே இழுவை.

மெக்கானிக் இரண்டு முறை வந்து பார்த்தான். லீவர் பக்கத்து டப்பியில் எண்ணெய் குறைகிறது, ஆனால் எங்கேயும் ஒழுகவில்லை என்கிறான். தரை காய்ந்து கிடக்கிறது. அப்படியென்றால் எண்ணெய் எங்கே போகிறது? நீ அன்று என்ன செய்து வைத்தாய்? அதை மட்டும் எழுது. ஜூன் 19ஆம் தேதி மழையில் எடுத்துப்போன என் குடையைப் பற்றி இப்போது கேட்கவில்லை.

அக்கா

*

மார்ச் 8

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. உறையின் மேல் கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.

இங்கே கல்குவாரியில் லாரிகளையும் கல் உடைக்கிற மெஷின்களையும் பார்த்துக்கொள்கிறேன். தூசிதான். எழுதிக்கொண்டிருப்பது சர்வீஸ் சீட்டின் பின்பக்கம், மன்னிக்கவும்.

முதல் வேலை. வண்டி இழுத்தால் பிரேக்கோடு மல்லுக்கட்ட வேண்டாம் என்று அந்தப் பெண்ணிடம் சொல். வலது கைப்பிடியில் சிவப்பு ஸ்விட்ச் இருக்கும். கட்டைவிரலால் ஒரு தட்டு தட்டினால் என்ஜின் அணையும். வீட்டு வாசலில் இருபது தடவை தட்டிப் பழகட்டும். ஓட்டாதே என்று சொன்னால் கேட்பாளா? கேட்க மாட்டாள் என்று நினைக்கிறேன். கேட்டால் நல்லது.

நீ கேட்டதற்கு வருகிறேன். பிரேக் டப்பியில் எண்ணெய் குறைந்தால் கட்டை தேய்கிறது என்றுகூடச் சொல்லலாம். கிளட்ச் டப்பியில் அப்படிச் சொல்ல முடியாது. பிளேட் தேயத் தேய அதில் எண்ணெய் கொஞ்சம் ஏறத்தான் செய்யும். ஆகவே குறைந்தால் ஒழுகுகிறது, அவ்வளவுதான். தரை காய்ந்திருக்கிறது என்றால் ஒழுகினது தரைக்கு வரவில்லை என்று மட்டும்தான் அர்த்தம்.

ஒழுக இரண்டு இடம் உண்டு. லீவருக்குப் பக்கத்தில் மேல் சிலிண்டர். அங்கிருந்து ஒரு குழாய் இறங்கி என்ஜினின் இடது பக்கம் கீழ் சிலிண்டருக்குப் போகும். அது செயின் கவருக்குள் ஒளிந்திருக்கும். இரண்டையும் துணியால் சுத்தமாகத் துடைத்துவிட்டு முகத்துக்குப் போடுகிற பவுடரைத் தூவு. ஈரம் வந்தால் பவுடர் காட்டிக்கொடுக்கும். செயின் கவரைக் கழற்ற மெக்கானிக்கைக் கூப்பிட்டுக்கொள்.

டப்பியின் பக்கத்தில் வட்டமாக ஒரு கண்ணாடி இருக்கிறது. தினமும் காலையில், வண்டி கிளம்பும் முன், எண்ணெய் எதுவரை நிற்கிறது என்று பார்த்து எழுதிவை. உனக்கு எழுத வேண்டிய அவசியமில்லை, ஞாபகம் வைத்துக்கொண்டாலே போதும்.

அன்று நான் செய்தது சரியாகத்தான் செய்தேன். நாலு வருஷமாக அந்தக் கிளட்சை மனசுக்குள் கழற்றி மாட்டிக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு திருகும் சரியாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் கழற்றுகிறேன்.

தம்பி

*

மார்ச் 20

தம்பிக்கு,

பவுடர் தூவினேன். என் கல்யாணத்துக்குக்கூட நான் இவ்வளவு பவுடர் போட்டதில்லை. பக்கத்து வீட்டுக்காரி மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்து, "என்னக்கா, வண்டிக்கு மாப்பிள்ளை பாக்கறீங்களா?" என்று கேட்டாள். "ஆமா, உங்க வீட்டு ஸ்கூட்டர் சும்மாத்தானே இருக்கு" என்றேன். அவள் என்னிடம் அரிசிச் சல்லடை வாங்கி ஒன்பது மாதம் ஆகிறது. அது வேறு கதை.

லீவர் பக்கம் பவுடர் காய்ந்தே இருந்தது. கீழே செயின் கவரைக் கழற்றினதும் மெக்கானிக் "அடேங்கப்பா" என்றான். உள்ளே செயின் மசகும் மண்ணும் எண்ணெயும் சேர்ந்து களி மாதிரி அப்பிக் கிடந்தது. ஒழுகினது எல்லாம் அந்த அழுக்கில் ஊறி, செயினோடு சுற்றி, போகிற வழியெல்லாம் தெறித்துப் போயிருக்கிறது. வீட்டு வாசலில் எப்படிச் சொட்டும்? கீழ் சிலிண்டர் ஓரத்தில் தூவின பவுடர் மறுநாளே நனைந்து கட்டியாகிவிட்டது. நீ சொன்ன இடம்தான். உடனே தலையைத் தூக்கிக்கொள்ளாதே. கெட்டுப்போன இடம் தெரிந்தது, கெடுத்தது யார் என்று தெரியவில்லை.

எண்ணெய்க் கணக்கு இது. வெள்ளி 13 நிறைய. சனி நிறைய. ஞாயிறு நிறைய. திங்கள் 16 நிறைய. எங்கே குறைகிறது, மெக்கானிக் பொய் சொல்கிறானோ என்று நினைத்தேன். செவ்வாய் 17 முக்கால். புதன் 18 அரை. அன்றைக்கு வீட்டில் ஆண் துணையும் இல்லை. பிப்ரவரி கடைசியில் ஆஸ்பத்திரியில் வைத்து மகனின் காலில் இருந்த தகட்டை எடுத்தார்கள், அந்தப் புண் பழுத்துவிட்டது என்று திங்கள் சாயங்காலம் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். புதன் சாயங்காலம்தான் வந்தான். இவளைப் போகாதே என்றேன். "கிளினிக்குல ஒரு கொழந்தையோட ரத்தம் எடுத்து வெச்சிருக்காங்க அத்தே, அது கெடாம எனக்காகக் காத்திருக்காது" என்று கிளம்பிவிட்டாள். சிவப்பு ஸ்விட்சைத் தட்டிப் பழகியிருக்கிறாள், அதுவரை நிம்மதி.

இப்போது அதிசயத்தைக் கேள். வியாழன் 19 காலையில் போய்ப் பார்க்கிறேன், எண்ணெய் மறுபடி நிறைய நிற்கிறது! ராத்திரி வண்டி ஓய்வெடுத்ததில் தானாக ஏறிவிட்டது. இதை நீ எந்தப் பட்டறையில் படித்திருப்பாய்?

அன்று நீ போட்ட சீல்தான் மட்டம் என்று நான் இன்னமும் சொல்கிறேன். நல்ல சீல் என்றால் பதினெட்டு நாளில் போகுமா? ஆகஸ்ட் 4 நீ போட்டாய். ஆகஸ்ட் 22 அவன் விழுந்தான்.

அக்கா

*

மார்ச் 25

அக்காவுக்கு,

எண்ணெய் தானாக ஏறாது. பிளேட் தேய்ந்து ஏறினாலும் மாதக்கணக்கில் ஒரு நூல் ஏறும். ஒரே ராத்திரியில் அரை டப்பி ஏற அது கிணறு இல்லை.

யாரோ ஊற்றுகிறார்கள்.

மெக்கானிக்காக இருக்கலாம். அந்தப் பெண்ணாகவே இருக்கலாம். யார் என்று நான் கேட்கவில்லை. ஆனால் தினமும் யாரோ ஊற்றுவதால்தான் உங்கள் மெக்கானிக்குக்கு ஒழுகலின் வேகம் பிடிபடவில்லை. இரண்டு நாள் ஊற்றாமல் விட்டதும் பிடிபட்டது.

இன்னும் இரண்டு காரியம் செய். டப்பியின் மூடியைக் கழற்றச் சொல்லி, அந்த எண்ணெயில் நாலு சொட்டு எடுத்து ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் விடு. மிதக்கிறதா, கரைகிறதா என்று பார்த்து எழுது. கையை நன்றாகக் கழுவிக்கொள், டம்ளரை அதற்குப் பிறகு குடிக்க வைத்துக்கொள்ளாதே.

இரண்டாவது, மூடியின் மேல் எழுத்து பொறித்திருக்கும். அது என்ன எழுத்து? இங்கிலீஷ் தெரியாது என்று சொல்லாதே, பார்த்ததைப் படம் மாதிரி வரைந்து அனுப்பு.

பதினெட்டு நாளில் என் சீல் போகாது. நானும் அதைத்தான் நாலு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கு வண்டியை ஒரு நிமிஷம் பார்த்துவிடுகிறேன் என்று உன் வாசலில் நின்று கெஞ்சினேன். நீ கேட்டைப் பூட்டினாய். வண்டியைப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். என் தப்பாகவே இருந்தாலும் தெரிந்திருக்கும். தெரியாமல் இருப்பதுதான் கொடுமை.

இது அவசரம். ஒரு தடவை போன் செய்யேன். எண் கீழே எழுதியிருக்கிறேன்.

தம்பி

*

மார்ச் 29

தம்பிக்கு,

போன் செய்ய மாட்டேன்.

யாரோ ஊற்றுகிறார்களாம். என் வீட்டில் திருட்டுத்தனம் நடக்கிறது என்று நீ அங்கே உட்கார்ந்து கண்டுபிடித்துவிட்டாயோ? மெக்கானிக்கிடம் கேட்டேன், "நான் எதுக்கும்மா சும்மா வந்து ஊத்தப்போறேன்?" என்கிறான். மருமகளிடம் கேட்டேன், அவளுக்கு அந்த மூடி திறக்கும் என்பதே தெரியாது. மகனிடம் கேட்டேன். "அவரு சொல்றத எல்லாம் நீ கேக்க ஆரம்பிச்சிட்டியாம்மா?" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டான்.

டம்ளரில் விட்டேன். மிதக்கவில்லை. உப்பு மாதிரி கரைந்து காணாமல் போய்விட்டது.

மூடியில் மூன்று எழுத்து. முதலாவது வயிறு தள்ளின மாதிரி. நடுவில் ஒரு சுழி. கடைசி எழுத்து கொடிக்கம்பம் மாதிரி, மேலே குறுக்குக் கட்டை. பக்கத்தில் 4 என்ற எண். மெக்கானிக் அதைப் பார்த்துத்தான் பிரேக் ஆயில் ஊற்றினேன் என்கிறான். "மூடியிலயே போட்டிருக்கேம்மா, பாருங்க" என்று எனக்கே காட்டுகிறான்.

ஆனால் தம்பி, இது பழைய மூடி இல்லை.

எனக்கு இங்கிலீஷ் படிக்கத்தான் தெரியாது, பார்த்தது மறக்காது. நீ அந்த வண்டியைக் கட்டி முடித்துக் கொண்டுவந்து நிறுத்தினபோது டப்பி மூடியில் இரண்டு நீளமான வார்த்தை இருந்தது. எண் கிடையாது. துடைக்கும்போதெல்லாம் என் விரல் அதன் மேல் போயிருக்கிறது. ஆகஸ்ட் 4 நீ சீல் மாற்றினபோதும் அந்த மூடிதான். மூடியைக் கவிழ்த்து அதில் திருகுகளைப் போட்டு வைத்தாய், இரண்டு டம்ளர் டீ குடித்தாய், இரண்டாவதில் சர்க்கரை போதவில்லை என்றாய்.

ஆகஸ்ட் 7 ஞாயிற்றுக்கிழமை. பதினொரு மணி இருக்கும். வாசலில் வண்டி சாய்ந்து விழுகிற சத்தம் கேட்டது. நான் எட்டிப் பார்ப்பதற்குள் மகன் நிமிர்த்திவிட்டான். "அடி ஒண்ணும் இல்லம்மா, ஸ்டாண்டு சரியா நிக்கல" என்றான். பிறகு உள்ளே வந்து உன்னுடைய நட்சத்திர ஸ்க்ரூடிரைவர் எங்கே என்று கேட்டான். நீ என் வீட்டில் விட்டுவைத்திருந்த பழைய சாமான் தகர டப்பாவைக் கொட்டிக் கிளறினான். கையைக் கழுவ சோப்பு கேட்டான். நான்தான் கொடுத்தேன்.

இதை எழுதின பிறகு பேனாவை வைத்துவிட்டேன். இரண்டு நாள் ஆகிறது. கிழித்துப் போடலாம் என்று பார்த்தேன். கிழித்தால் மட்டும் எனக்கு மறந்துவிடுமா?

இதற்கு என்ன அர்த்தம் என்று நீ எழுது. வேறு அர்த்தம் இருந்தால் அதையும் எழுது.

அக்கா

*

ஏப்ரல் 1

தம்பிக்கு,

உன் பதிலுக்குக் காத்திருக்க முடியவில்லை.

இன்று காலை விடிந்ததும் சமையலறை ஜன்னலுக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். விளக்குப் போடவில்லை. ஐந்தே முக்காலுக்கு மகன் வந்தான். ஊன்றுகோலை வண்டி சீட்டின் மேல் சாய்த்தான். அவனுக்கு முழங்கால் மடங்காது, உனக்குத் தெரியாது, நீ பார்க்கவில்லை. அந்தக் காலைக் கட்டை மாதிரி பின்னால் நீட்டிக்கொண்டு, பெட்ரோல் தொட்டி மேல் நெஞ்சைச் சாய்த்து, மூடியைக் கழற்றினான். சட்டைப் பையில் ஊசி போடுகிற சிரிஞ்சு. பழைய செருப்பு டப்பாவில் ஒளித்து வைத்திருந்த புட்டியிலிருந்து உறிஞ்சி, சொட்டுச் சொட்டாக ஊற்றினான். சிந்தாமல், துடைத்துத் துடைத்து. கைக்குழந்தைக்கு மருந்து புகட்டுகிற மாதிரி.

நான் வெளியே வந்தேன்.

"என்னடா ஊத்தற?"

திரும்பினவன் முகத்தை எழுத எனக்குத் தெரியவில்லை.

"மெக்கானிக் ஊத்தின அதே எண்ணெய நெறச்சி வெச்சிட்டா அவளுக்கு ஒண்ணும் ஆகாதும்மா. தெனமும் நெறச்சிட்டுதான் இருக்கேன். ஆஸ்பத்திரியில இருந்தப்பதான் முடியல."

"மூடிய மாத்தினது நீதானே?"

"ஒடஞ்சிபோச்சு. மாமா திட்டுவாருன்னு டப்பாவுல கெடந்த வேற மூடியப் போட்டேன். எண்ணெ சிந்தியிருந்துச்சி. மூடியில என்ன எழுதியிருந்துச்சோ அதையே வாங்கி ஊத்தினேன். அது ஆகாதுன்னு எனக்குத் தெரியாதும்மா. விழுந்ததுக்கப்புறம் ஆஸ்பத்திரியில பக்கத்துக் கட்டில்ல ஒரு வண்டிக்காரர் இருந்தாரு. அவர் சொல்லித்தான் தெரிஞ்சுது."

"அப்ப ஏன்டா சொல்லல? நாலு வருஷம்! உன் மாமா கடைய மூடிட்டுப் போனாரே, அப்பவாவது சொல்லக்கூடாதா?"

அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"நான் கண்ண முழிக்கறப்பவே நீ மாமாவ அனுப்பிட்டியேம்மா. எல்லார் முன்னாடியும் சொல்லிட்டே. அதுக்கு மேல நான் என்ன சொல்றது? நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு இருந்தேன்."

அவ்வளவுதான் நடந்தது. வண்டிச் சாவி இப்போது என்னிடம் இருக்கிறது. மருமகளுக்கு வண்டி சரியாகும்வரை பக்கத்து வீட்டு ஸ்கூட்டரை வாங்கிக் கொடுத்திருக்கிறேன், சல்லடையைப் பற்றிப் பேச மாட்டேன் என்று ஒத்துக்கொண்டு. ஏன் என்று கேட்டாள். வண்டிக்குச் சீல் போய்விட்டது என்றேன். அவள் முகத்தைப் பார்த்து நான் சொன்ன முதல் அரைப் பொய்.

அக்கா

*

ஏப்ரல் 6

அக்காவுக்கு,

இரண்டு கடிதமும் கிடைத்தன. ஒரு நாள் இடைவெளியில்.

முதலில் வேலையைச் சொல்கிறேன், மற்றது பிறகு. இந்தக் கிளட்சுக்கு மினரல் ஆயில்தான், அது தண்ணீரில் மிதக்கும், பிரேக் ஆயில் கரையும். பிரேக் ஆயிலைக் கண்டால் அதன் சீல் ரப்பர் ஊறி, உப்பி, கூழாகிவிடும். முதலில் லீவர் நன்றாகத்தான் இருக்கும், அதுதான் ஏமாற்றும். ஒரு வாரத்திலும் போகலாம், மூன்று மாதத்திலும் போகலாம். ஆகஸ்டில் போனதும் அப்படித்தான், இப்போது போவதும் அப்படித்தான். மேலே எவ்வளவு ஊற்றினாலும் கீழே சீல் கரைந்துகொண்டே இருக்கும். அவன் ஊற்றியது மருந்து இல்லை, அதே விஷம். அதை அவனிடம் மெதுவாகச் சொல்.

பார்சல் அனுப்பியிருக்கிறேன். மேல் சிலிண்டர், கீழ் சிலிண்டர் இரண்டுக்கும் சீல், புதுக் குழாய், மினரல் ஆயில் ஒரு புட்டி, சரியான மூடி. பழைய எண்ணெய் ஒரு சொட்டுகூட உள்ளே தங்கக் கூடாது. எப்படிக் கழுவுவது, குழாயில் தங்கும் காற்றை எப்படி எடுப்பது என்று தனித்தாளில் எழுதியிருக்கிறேன். முனைக்கடைக்காரன் செய்துவிடுவான்.

இப்போது மற்றது.

அந்த வண்டிக்கு என்ன எண்ணெய் என்று நான் அவனிடம் சொன்னதே இல்லை. எத்தனை தடவை கேட்டிருப்பான்! "உனக்கெதுக்குடா, எங்கிட்ட கொண்டுவா" என்பேன். சொல்லிக் கொடுத்தால் அவனே செய்துகொள்வான், பிறகு என் பட்டறைக்கு யார் வருவார்கள் என்று ஒரு அற்பப் புத்தி. பிரேக் மூடியைக் கிளட்ச் டப்பிக்கும் பொருந்துகிற மாதிரி அந்தத் தகரத்தில் போட்டு வைத்தவனும் நான்தான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் இன்று இரண்டு காலில் நடப்பான். ஆகையால் எல்லாப் பழியும் அவன்மேல் இல்லை.

ஒன்று கேட்கிறேன். இதோடு விட்டுவிடு. அந்தப் பெண்ணுக்குத் தெரிய வேண்டாம். சொந்தக்காரர்களுக்கும் வேண்டாம். என் மேல் இருக்கிற பெயர் இருந்துவிட்டுப் போகட்டும், எனக்குப் பழகிவிட்டது. இங்கே யாருக்கும் அது தெரியாது. அவன் அவளோடு குடித்தனம் நடத்த வேண்டியவன்.

தம்பி

*

ஏப்ரல் 19

தம்பிக்கு,

பார்சல் பதினோராம் தேதி வந்தது. ஒன்றும் உடையவில்லை.

நீ கேட்டதை நான் செய்யவில்லை.

செய்யலாம் என்றுதான் இருந்தேன். அவன் என் பிள்ளை, வாயை மூடிக்கொள்வது எனக்குச் சுலபம். ஆனால் உன் கடிதம் வந்த மறுநாள் காலையில் மருமகள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பக்கத்து வீட்டு ஸ்கூட்டரோடு வாசலில் நிற்கிறாள். இவன் வழக்கம்போல உள்ளேயிருந்து "பாத்துப் போ" என்கிறான். அவள் "சரி" என்கிறாள். அந்தச் "சரி"யை என்னால் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை. அன்று சாயங்காலம் பேத்தியைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, இரண்டு பேரையும் உட்காரவைத்து, "நீயே சொல்லு, நான் சொன்னா அதுல என் கோபம் கலந்துடும்" என்றேன்.

சொன்னான். ஆகஸ்டிலிருந்து ஏப்ரல் வரைக்கும் எல்லாம் சொன்னான்.

அவள் அழவில்லை. கேள்விதான் கேட்டாள்.

"வண்டியில இருக்கறது தப்பான எண்ணென்னு ஜனவரிலேர்ந்தே தெரியுமா உங்களுக்கு?"

"ம்."

"நான் வெளியில போறப்ப பாத்துப் போன்னு சொல்வீங்களே. அப்பவும்?"

"ம்."

"யாருக்குப் பயந்தீங்க? எனக்கா, அத்தைக்கா?"

"மாமாவுக்கு. எல்லாம் தெரிஞ்சா அவரு திரும்பி வருவாரு. அவர் மூஞ்சிய எப்படிப் பாக்கறது?"

 அவள் எழுந்து போய் அந்தச் சிரிஞ்சையும் புட்டியையும் வாங்கி வைத்துக்கொண்டாள். ஒரு வாரம் அவனோடு பேசவில்லை. சாப்பாடு போட்டாள், புண்ணுக்குக் கட்டு மாற்றினாள், பேசவில்லை. நானும் குறுக்கே போகவில்லை. பேசாமல் இருப்பது என்ன என்று எனக்குத் தெரியும், அதில் நான் வைத்தியம் சொல்ல முடியாது.

அன்றைக்கு வராந்தாவில் நின்ற பத்தொன்பது பேரில் மூன்று பேர் செத்துவிட்டார்கள். பதினொரு பேர் வீட்டுக்கு நேரில் போய்ச் சொன்னேன், என் தம்பி வேலையில் ஒரு குற்றமும் இல்லை, நான்தான் விசாரிக்காமல் பேசிவிட்டேன் என்று. உன் பெரிய மச்சினன், "இப்ப எதுக்குக்கா இத்தனை நாள் கழிச்சி?" என்றான். "அன்னிக்கு ஒரே நிமிஷத்துல நம்பினே இல்ல, இதையும் நம்பு" என்று சொல்லிவிட்டு வந்தேன். மீதி ஐந்து பேர் வெளியூர். அவர்களுக்கு எழுதுகிறேன். என் மகன் செய்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை. அதை அவன் சொல்லட்டும், சொல்லாமலும் போகட்டும். நான் செய்ததை மட்டும் சொன்னேன்.

மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டாம் என்று மருமகள் சொல்லிவிட்டாள். "இவரே பண்ணட்டும்" என்றாள். அதுதான் அந்த வாரத்தில் அவள் அவனைப் பற்றிச் சொன்ன ஒரே பேச்சு. வாசலில் பாய் போட்டு, மடங்காத காலை நீட்டிக்கொண்டு, உன் தாளைப் பக்கத்தில் கல் வைத்து அழுத்தி, வெள்ளிக்கிழமை முழுக்கவும் நேற்று பாதி நாளும் செய்தான். பழைய சீலை எடுத்துக் காட்டினான். விரலால் அழுத்தினால் பிசின் மாதிரி ஒட்டுகிறது. அவள் அதை வாங்கிப் பார்த்துவிட்டு அவன் உள்ளங்கையிலேயே திருப்பி வைத்தாள். காற்று எடுக்க லீவரை அழுத்த ஒரு ஆள் வேண்டும் என்று எழுதியிருந்தாய். அவள்தான் அழுத்தினாள். "அழுத்து." "விடு." "அழுத்து." "விடு." ஒரு மணி நேரம் அது ஒன்றுதான் இரண்டு பேருக்கும் பேச்சு. கடைசியில் எண்ணெயில் குமிழ் நின்றது. தண்ணீரில் நாலு சொட்டு விட்டுப் பார்த்தேன். மிதந்தது.

இன்று ஞாயிற்றுக்கிழமை, அவளுக்கு வேலை இல்லை. ஒன்பது மணிக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினாள்.

"ஏறுங்க" என்றாள் அவனிடம்.

"நானா?"

"சரியாப் பண்ணியிருக்கீங்கன்னா ஏறுங்க."

நாலு வருஷமாக அவன் எந்த வண்டியிலும் ஏறவில்லை, தம்பி. பஸ்ஸில்தான் போவான், அதுவும் நின்றுகொண்டு.  நான் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன், அவள் என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். ஊன்றுகோலை என்னிடம் கொடுத்துவிட்டு, சீட்டைப் பிடித்து, அந்தக் காலைத் தூக்கிப் போட முடியாமல் இரண்டு தடவை சறுக்கி, மூன்றாம் தடவை ஏறினான். கால் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு நிற்கிறது. "எங்க போறோம்?" என்று கேட்டான். "சந்திப்புக்கு" என்றாள்.

அவன் விழுந்த சந்திப்பு. அவளை இழுத்த சந்திப்பு. போய்த் திரும்ப கால் மணி நேரம்.

அவர்கள் போனதும் உனக்கு எழுத உட்கார்ந்தேன். கை சும்மா இருந்தால் ஏதாவது நினைக்கும். இந்தத் தாளின் பின்பக்கம் வந்துவிட்டேன், இன்னும் வரவில்லை. சிவப்பு விளக்கு மூன்று நிமிஷம் பிடிக்கும். ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் லாரி வருமா வராதா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். உன்னைப் பற்றி எழுதவேண்டும் என்று ஒரு வாரமாக வைத்திருந்த வார்த்தை எல்லாம் இப்போது வரவில்லை. உன் கடை இருந்த இடத்தில் ஒரு கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார்கள். வேறு இடம் கிடைக்காமல் போகாது. வருவதும் வராததும் உன் இஷ்டம். என் மகன் உன் முகத்தைப் பார்க்க வேண்டும், நானும் பார்க்க வேண்டும், அது இரண்டு பேருக்கும் கஷ்டமாகத்தான் இருக்கும்.

சத்தம் கேட்கிறது.

வந்துவிட்டார்கள். ஜன்னலில் பார்த்துக்கொண்டே எழுதுகிறேன், கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். வாசலில் நிறுத்தியிருக்கிறாள். என்ஜினை அணைக்கவில்லை. கியரைப் போட்டு வைத்துக்கொண்டு லீவரைப் பிடித்திருக்கிறாள், இரண்டு காலும் தரையில். பிரேக்கைத் தொடவில்லை. வலது கை தொடை மேல் இருக்கிறது. பின்னால் அவன் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். ஒரு நிமிஷம் ஆகிறது. இரண்டு நிமிஷம் ஆகிறது. அவள் லீவரை விடவில்லை, அவன் இறங்கவில்லை.

வண்டி அசையாமல் நிற்கிறது.

அக்கா